கண்ணாடிக்குக் கை வெட்டா, மின் ரம்பமா? பட்டறை சொல்லும் முதலீட்டுக் கணக்கு

மளிகையும் பலசரக்கும் விற்கும் நமக்கு வண்ணக் கண்ணாடி வேலையோடு என்ன சம்பந்தம் என்று வணிக அன்பர்கள் கேட்கக்கூடும். பாக்கெட் போடும் மெஷின் வாங்கலாமா, மசாலா அரைக்கும் மெஷினைக் கடையிலேயே வைக்கலாமா என்று நமக்குள் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். அந்தப் பேச்சுக்கு உதவக்கூடிய கணக்கு ஒன்றை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள சிறிய கண்ணாடிப் பட்டறைகள் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதை இங்கே பார்ப்போம்.

சென்னை சாந்தோம் பேராலயத்தின் ஜன்னல்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. பல நிறக் கண்ணாடிகளைப் படத்துக்கு ஏற்பத் துண்டு துண்டாக வெட்டி, ஈயப் பட்டிகளுக்குள் செருகி, மூட்டுகளைப் பற்றவைப்பார்கள். ஒரு துண்டு சரியாகப் பொருந்தாவிட்டால் பக்கத்துத் துண்டும் தள்ளிப்போகும். ஆகவே லாபமும் நஷ்டமும் வெட்டும் மேசையிலேயே முடிவாகிவிடுகின்றன.

கை வெட்டு

நம் ஊர்க் கண்ணாடிக் கடையில் அலமாரிக்குக் கண்ணாடி வாங்கியவர்கள் கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் அளவுகோலை வைத்து ஒரே இழுப்பாகக் கட்டரை இழுப்பார். பிறகு மேசை விளிம்பில் வைத்து லேசாக அழுத்துவார். கண்ணாடி கோட்டோடு பிரிந்து வரும். உண்மையில் அங்கே எதுவும் அறுபடவில்லை. சிறு சக்கரம் மேற்பரப்பில் மெல்லிய கீறல் போடுகிறது. கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. வளைக்கும்போது கீறலின் வாய் திறந்து, பிளவு அடிவரை ஓடிவிடுகிறது.

கீறலை ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பில் முடிக்க வேண்டும். அதே கோட்டில் இரண்டாம் முறை ஓட்டினால் கோடும் கெடும், சக்கரமும் கெடும். கீறியவுடன் உடைத்துவிட வேண்டும். கை வெட்டின் பாடம் இவ்வளவுதான். கை படிவதற்குத்தான் மாதங்கள் ஆகும்.

12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதிய நூலில், பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஓட்டிக் கண்ணாடியைப் பிளந்து, ஓரத்தை இன்னொரு இரும்பால் கொறித்துச் சரிசெய்யும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. பிறகு வைரமுனை வந்தது. 1869இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த சாமுவேல் மான்ஸ் எஃகுச் சக்கரக் கட்டருக்குக் காப்புரிமை பெற்றார். இன்று எஃகுக்குப் பதில் கார்பைடு சக்கரம் வந்திருக்கிறது, கைப்பிடிக்குள் எண்ணெய் நிரப்பும் வசதியும் உண்டு. அடிப்படை மாறவில்லை.

இந்தக் கை வெட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூயார்க்கில் இருந்த டிஃபனி நிறுவனமே சாட்சி. அங்கே பெண்கள் கண்ணாடி வெட்டும் பிரிவு ஒன்று கிளாரா டிரிஸ்கால் என்ற அம்மையாரின் தலைமையில் நடந்தது. அவர் வடிவமைத்த விஸ்டீரியா விளக்கின் கூண்டில் கிட்டத்தட்ட 2,000 கண்ணாடித் துண்டுகள். அத்தனையும் கையால் வெட்டியவை. 1903இல் ஆண் தொழிலாளர் சங்கம் இந்தப் பெண்கள் பிரிவை எதிர்த்துத் தகராறு செய்யும் அளவுக்கு அந்தக் கைகளுக்கு மதிப்பு இருந்தது.

ரம்பம் எங்கே தேவை?

பிளவு எப்போதும் சுலபமான வழியில்தான் ஓடும். நேர்கோடும் மெல்லிய வளைவும் அதற்குச் சம்மதம். ஆழமான உள்வளைவு, பிறை போன்ற குடைவு, ‘ட’ எழுத்துப் போன்ற உள்மூலை ஆகியவற்றில் அது கோட்டை விட்டு ஓடிவிடும். குடைவை எடுக்கக் கைவினைஞர் உள்ளே சின்னச் சின்னப் பிறைகளாகக் கீறி, குறட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றுவார். கடைசிப் பிறையில் துண்டு இரண்டாகப் போவதும் உண்டு.

மின் ரம்பம் இங்கேதான் கை கொடுக்கிறது. இதற்கு மர ரம்பம் போலப் பல் கிடையாது. எஃகுப் பட்டையிலோ வளையத்திலோ வைரத்தூள் பதித்திருக்கும். அது கண்ணாடியைத் தேய்த்தே வழி செய்கிறது. சூடு ஏறாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வளைய ரம்பமானால் துண்டைத் திருப்பாமலே எந்தப் பக்கமும் நகர்த்தி வெட்டலாம். உள்மூலையும் வரும்.

ஆனால் ரம்பம் மெதுவானது. கை வெட்டில் இரண்டு துண்டுக்கும் ஒரே கோடு. கோட்டில் சேதாரம் இல்லை. ரம்பமோ தன் பட்டையின் அகலத்துக்குக் கண்ணாடியைத் தூளாக்கிவிடும். தண்ணீரில் பேனாக்கோடு அழிந்துவிடுவதால், அழியாத மையால் வரைய வேண்டும். பட்டை தேயும், மாற்றியாக வேண்டும். வாங்கும்போது சொல்லும் விலையில் இதெல்லாம் அடங்காது.

கணக்கு

ஒரு ஜன்னலுக்கு 100 துண்டுகள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 92 துண்டு சாதாரண வெட்டு, 8 துண்டு குடைவு. சாதாரண வெட்டுக்குக் கையில் 1 நிமிடம், ரம்பத்தில் 3 நிமிடம். குடைவுக்கு, உடைந்து மறுபடி வெட்டுவதையும் சேர்த்துக் கையில் 15 நிமிடம், ரம்பத்தில் 5 நிமிடம்.

முழுவதும் கையால் வெட்டினால் 92ம் 120ம் சேர்ந்து 212 நிமிடம். முழுவதும் ரம்பத்தில் வெட்டினால் 276ம் 40ம் சேர்ந்து 316 நிமிடம். மெஷின் வாங்கிவிட்டோமே என்று எல்லாவற்றையும் அதிலேயே போடுகிறவர் கையால் வெட்டுகிறவரைவிடப் பின்தங்கிவிடுகிறார்! சாதாரணத் துண்டு கையில், குடைவு ரம்பத்தில் என்று பிரித்தால் 92ம் 40ம் சேர்ந்து 132 நிமிடம். முழுக் கை வெட்டைவிட மிச்சம் 80 நிமிடம்.

மாதத்துக்கு இப்படி ஒரே ஒரு ஜன்னல் வேலை வரும் பட்டறைக்கு, மெஷினின் மாதச் சம்பாத்தியம் அந்த 80 நிமிடக் கூலியும், உடையாமல் தப்பிய கண்ணாடியின் விலையும்தான். முதலுக்கு வட்டி, பட்டைச் செலவு, மின்சாரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மாதம் 20 ஜன்னல் வேலை வந்தால் 1,600 நிமிடம், அதாவது எட்டு மணி நேர வேலையாக மூன்று நாளுக்கு மேல். அப்போது பேச்சு வேறு. கண்ணாடியின் விலையும் கணக்கை மாற்றும். மலிவான கண்ணாடியில் இரண்டு துண்டு உடைந்தால் பெரிய இழப்பில்லை. வாயால் ஊதிச் செய்த விலை உயர்ந்த கண்ணாடியில் ஒன்று உடைந்தாலும் அன்றைய லாபம் போய்விடும்.

மெஷின் விற்க வருகிறவர் செயல்விளக்கத்தில் நேர்கோட்டையா வெட்டிக் காட்டப் போகிறார்? குடைவைத்தான் வெட்டிக் காட்டுவார். அந்த 8 துண்டைப் பார்த்து மயங்கி, 92 துண்டை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு வழியும் உண்டு. நம் மனத்துக்கு மிகவும் பிடித்தது இதுதான். பழைய பட்டறைகளில், குடைவு வரும் இடத்தில் ஓர் ஈயக்கோட்டைக் கூடுதலாக வரைந்து, ஒரு கடினமான துண்டை இரண்டு எளிய துண்டுகளாக்கிவிடுவார்கள். தேர்ந்த கலைஞர் அந்தக் கோட்டை இலைக்காம்பாகவோ துணிமடிப்பாகவோ மாற்றிவிடுவார். பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு சாண் ஈயப்பட்டிச் செலவில் மெஷினுக்கான தேவையே குறைந்துவிடுகிறது.

பாதுகாப்பையும் சொல்லிவிட வேண்டும். ரம்பத்தின் ஈரத்தூள் காய்ந்தால் பறக்கும். சில நிறக் கண்ணாடிகளில் ஈயமும் காட்மியமும் உண்டு. ஆகவே உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பார்கள். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடமானதால் எர்த்தும் கசிவு மின்தடுப்பானும் கட்டாயம். கை வெட்டிலும் சில்லு தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் கட்டரைத் தொடக் கூடாது.

பாக்கெட் மெஷின் பற்றி யோசிக்கும் அன்பர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மாதம் சின்ன நோட்டு ஒன்று போடலாம். கையால் கட்டிய பொட்டலம் எத்தனை, அதற்கு ஆன நேரம், சிந்தியதும் எடை கூடிப் போனதும் எவ்வளவு, கையால் முடியாமல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியது எத்தனை தடவை என்று நான்கு பத்தி போதும். பண்டிகை மாதத்தில் எழுதினால் கணக்கு ஊதிப்போகும், சாதாரண மாதமாகப் பார்த்து எழுதவும். அப்படி எழுதியவர்கள் நோட்டின் நகலை இதழுக்கு அனுப்பினால், பெயர் வெளியிடாமல் பிரசுரிப்போம்.