அஸ்தம்பட்டியிலிருந்து யாழ்ப்பாணம்: கப்பல் முதலில், ரயில் அப்புறம்

யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் போகலாம் என்று முடிவானதும் நம்மில் பலர் முதலில் செய்வது ஐ.ஆர்.சி.டி.சி.யைத் திறந்து ரயில் டிக்கெட் போடுவது. கப்பல் எந்த நாள் ஓடுகிறது என்று பார்ப்பது அதற்கப்புறம். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். ரயில் தினமும் உண்டு, கப்பல் அப்படியில்லை. கப்பலுக்கு நாள் குறித்துவிட்டு, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்குவதுதான் சரி.

ஒரு காலத்தில் இந்தக் கவலையே இருந்ததில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ஏறிய பயணி தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் என்று ஒரே டிக்கெட்டில் கொழும்புக் கோட்டை வரை போனார். வண்டி வரும்வரை கப்பல் காத்திருக்கும், கப்பல் வரும்வரை வண்டி காத்திருக்கும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியோடு அதன் வழியான அந்த இணைப்பையும் அடித்துக்கொண்டு போனது. இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலுக்கும் நம் ரயில்வேக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. வண்டி தாமதமாகிக் கப்பலை விட்டால் நஷ்டம் உங்களுடையது. திட்டம் போடும்போது இதை மறக்கக் கூடாது.

முதல் வேலை, மாதத்தைத் தேர்ந்தெடுப்பது. இந்தச் சேவை 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ கப்பலோடு தொடங்கி, வடகிழக்குப் பருவமழை காரணமாகச் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலோடு மீண்டும் வந்தது. அந்த நவம்பரில் மறுபடி நின்று, 2025 பிப்ரவரியில் திரும்ப ஓடத் தொடங்கியது. இதிலிருந்தே தெரிந்திருக்கும்: அக்டோபர் முதல் ஜனவரி வரை இந்தப் பயணத்தை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறைக்குப் போக ஆசைப்படுவோர் அந்த நினைப்பை விடுவது நல்லது. ஓடும் மாதங்களிலும் வாரத்தில் எந்தெந்த நாள் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் நாளை உறுதிசெய்து, போக வர இரண்டு டிக்கெட்டையும் சேர்த்தே எடுங்கள்.

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இலங்கைக்கான இ.டி.ஏ. பயண அனுமதியை அரசுத் தளத்திலேயே முன்கூட்டி வாங்கிவிடுங்கள், இடைத்தரகர் தளங்கள் வேண்டாம். மூட்டைக்கு எடை வரம்பு உண்டு, விமானம் மாதிரிதான், மீறினால் காசு. சேலத்து மாம்பழத்தை ஒரு கூடை எடுத்துப் போகலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். வேண்டாம். அனுமதியில்லாமல் பழம் கொண்டுபோனால் அங்கே பறித்துவிடுவார்கள். தட்டுவடை பாக்கெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது நாகப்பட்டினம் போய்ச் சேர்வது. கப்பல் காலையில் கிளம்புவதால் முந்தின இரவு நாகையில் தங்கியே ஆக வேண்டும். அதிகாலையில் போய் இறங்கி நேராகத் துறைமுகத்துக்கு ஓடலாம் என்ற கணக்கு ஒருநாள் பலிக்கும், ஒருநாள் கவிழ்க்கும். ஒரு அறை வாடகையை மிச்சம் பிடிக்கப்போய் கப்பல் டிக்கெட்டை இழப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

சேலத்திலிருந்து இரண்டு வழி. ஒன்று, சேலம்–மயிலாடுதுறை எக்ஸ்பிரஸ். மதியம் 2 மணி வாக்கில் ஜங்ஷனில் கிளம்பும். அஸ்தம்பட்டியிலிருந்து சாரதா கல்லூரி சாலை, ஐந்து ரோடு வழியாக ஆட்டோவில் போவதென்றால், ஐந்து ரோட்டில் சிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வண்டி 2013-இல் திறந்த பாதையில் நாமக்கல் வழியாகக் கரூர் போய், திருச்சியைத் தாண்டி, இருட்டிய பிறகு தஞ்சாவூரை அடையும். அங்கே இறங்கித் திருவாரூர் வழியாக நாகைக்குப் பஸ். முழுக்க முன்பதிவில்லாத வண்டி, டிக்கெட் மலிவு. ஆனால் உட்கார இடம் வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னதாகவே போய்விட வேண்டும்.

இரண்டாவது, எர்ணாகுளம்–காரைக்கால் எக்ஸ்பிரஸ். இது சேலம் வராது. ஈரோட்டில் விடிவதற்கு முன் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் நாகை வரை மாற வேண்டியதில்லை, மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து வேளாங்கண்ணியோ நாகூரோ பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். வயதானவர்கள் கூட வந்தால் எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்.

வகுப்பு உயர்வு என்ற பேச்சு இந்த இரண்டாவது வண்டியில்தான் எழுகிறது. ஸ்லீப்பர் டிக்கெட் போடும்போது, பயணிகள் விவரத்துக்குக் கீழே ‘ஆட்டோ அப்கிரடேஷன்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால், சார்ட் தயாராகும்போது மேல் வகுப்பில் காலி இடம் இருந்தால் கூடுதல் பணம் இல்லாமல் உங்களை அங்கே மாற்றுவார்கள். ரயில்வேக்கும் இதில் லாபம் உண்டு: நீங்கள் விட்டுப்போகும் ஸ்லீப்பர் படுக்கை வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவருக்குப் போகும். சலுகைக் கட்டணத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு இது கிடையாது. 2025 மே மாத உத்தரவுப்படி, எடுத்த வகுப்பிலிருந்து இரண்டு படிக்கு மேல் ஏற்றவும் மாட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேல் வகுப்பு கிடைத்தாலும் அங்கே லோயர் பெர்த் கிடைக்கும் என்று உறுதியில்லை. முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு லோயர் பெர்த் போராடி வாங்கியிருந்தால், அந்தக் கட்டத்தில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யில் அப்பர் பெர்த்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இன்னொன்று, உயர்வு கிடைத்தால் பி.என்.ஆர். அதேதான், பெட்டியும் படுக்கை எண்ணும் மட்டும் மாறும். சார்ட் வந்ததும் பி.என்.ஆர். நிலையை மறுபடி பார்க்காமல் பழைய பெட்டியில் ஏறி, அங்கே வேறொருவர் படுத்திருப்பதைப் பார்த்துச் சண்டை போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

காசு கொடுத்து உயர்த்த விரும்பினால், வண்டியில் டி.டி.இ.யிடம் கேட்கலாம். இடம் காலியாக இருந்தால் வித்தியாசத் தொகைக்கு ரசீது போட்டுத் தருவார். இருந்தால்தான்.

கப்பலிலும் சாதாரணம், பிரீமியம் என இரண்டு வகுப்பு உண்டு. என் கருத்தைக் கேட்டால் பிரீமியத்துக்குச் செலவழிக்க வேண்டாம். ஏறத்தாழ 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம்தான். அலை வகுப்பு பார்த்து ஆட்டுவதில்லை. குமட்டல் வருபவர்களுக்கு உதவுவது இருக்கையின் விலை அல்ல, அது இருக்கும் இடம். கப்பலின் நடுப்பகுதியில், முடிந்தவரை தாழ்வாக உட்கார்ந்தால் ஆட்டம் குறையும். மாத்திரை தேவைப்படுவோர் டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பெரிய பலன் இல்லை. காலையில் இட்லி இரண்டு போதும், பூரி கிழங்கைத் திரும்பி வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்.

மிச்சமான அந்தப் பணத்தை யாழ்ப்பாணம்–கொழும்பு ரயிலில் போடுங்கள். சுமார் 400 கிலோமீட்டர், நீண்ட பயணம். ஏ.சி. முதல் வகுப்புக்குக் கொடுக்கும் காசு அங்கேதான் உடம்புக்குத் தெரியும். ஆன்லைனில் 30 நாள் முன்பு முன்பதிவு திறக்கும், முதல் வகுப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். நம்மூர் மாதிரி சார்ட் நேரத்தில் தானாக உயர்வு கிடைக்கும் என்று அங்கே எதிர்பார்க்காதீர்கள், வேண்டிய வகுப்பை முதலிலேயே எடுத்துவிடுங்கள். 1956-இல் தொடங்கிய யாழ் தேவி காலையில் கிளம்பும் வண்டி என்பதால், கப்பலில் வந்து இறங்கிய அன்றே அதைப் பிடிக்க முடியாது. அந்த இரவு யாழ்ப்பாணத்தில் தங்குங்கள். 2025 நவம்பரில் டிட்வா புயல் இலங்கையின் ரயில் பாதைகளைப் பல இடங்களில் சிதைத்தது. வடக்குப் பாதையில் வண்டி எங்கிருந்து எங்கு வரை ஓடுகிறது என்று கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடாவிட்டால் கொழும்புக்கு இரவு பஸ் இருக்கிறது. கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

திரும்பும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். காங்கேசன்துறையிலிருந்து கப்பல் நாகைக்கு வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிவிடும், அப்புறம் குடியேற்றம், சுங்கம். காரைக்கால்–எர்ணாகுளம் எக்ஸ்பிரஸோ மாலை ஐந்து மணி வாக்கில் நாகையைக் கடந்துவிடும். அன்றைக்கே அதில் டிக்கெட் போடாதீர்கள். பஸ்ஸில் தஞ்சாவூர் போய்த் தங்கிவிட்டு, மறுநாள் காலை சேலம் வரும் மயிலாடுதுறை வண்டியை அங்கேயே பிடியுங்கள். மதியம் இரண்டு மணிக்குள் ஜங்ஷனில் இறங்கிவிடலாம்.