பிள்ளையின் உடம்பிலுள்ள புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்



பிள்ளையைக் குளிப்பாட்டும்போது முதுகிலும் வயிற்றிலும் பால் தேத்தண்ணி நிறத்தில் தட்டையான புள்ளிகள் தெரிந்தால் நம் லயங்களில் என்ன சொல்லுவாங்க? "வயித்துல இருக்கும்போது அம்மாகாரி கிரகணத்துல வெளியே போயிட்டா" என்பார்கள். பழி தாய் மேல் விழும். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

ஒன்றிரண்டு புள்ளி பலருக்கும் உண்டு, பயப்பட வேண்டாம். ஆனால் சின்னப் பிள்ளைக்கு ஆறு அல்லது அதற்கு மேல் இருந்து, ஒவ்வொன்றும் 5 மில்லிமீற்றருக்கு மேல், அதாவது ஒரு பயறை விடப் பெரிதாக இருந்தால் கட்டாயம் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

இது என்ன நோய்?

நியூரோபைப்ரோமற்றோசிஸ் முதலாம் வகை என்று ஒரு நோய் இருக்கிறது. ஏறக்குறைய 3000 பிள்ளைகளில் ஒருவருக்கு வரும். இதற்குக் காரணமான பரம்பரை அலகு 17ஆவது நிறமூர்த்தத்தில் இருப்பதை 1990இல் பிரித்தறிந்தார்கள். கொழுந்து லொறிக்கு பிரேக் எப்படியோ, உடம்பின் கலங்களுக்கு அந்த அலகு அப்படி. அது பழுதானால் கலங்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகும். நரம்புகளில் கட்டிகள் வரும். சிலருக்கு மூளையிலும் வரும். அக்குளில் சிறு புள்ளிகள், வாலிப வயதில் தோலில் மெதுவான கட்டிகள் என்பனவும் இதன் அடையாளங்கள்.

கண்ணுக்கு என்ன சம்பந்தம்?

இந்நோயுள்ள 100 பிள்ளைகளில் சுமார் 15 பேருக்குக் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் கட்டி வளரும். பெரும்பாலும் 7 வயதுக்கு முன்னரே வரும். பலருக்குத் தொந்தரவு தராது. சிலருக்கு மெல்ல மெல்லப் பார்வையைக் குறைத்துவிடும். சின்னப் பிள்ளைக்கு "ஒரு கண்ணு தெரியல" என்று சொல்லத் தெரியாது. போன பார்வை முழுதாகத் திரும்புவதும் கஷ்டம். அதனால்தான் வருத்தம் தெரியுமுன் பரிசோதிக்கச் சொல்கிறோம். பார்வை குறைந்தால் கட்டி வளராமல் தடுக்க மருந்து கொடுப்பார்கள்.

பரம்பரையா?

தாய்க்கோ தகப்பனுக்கோ இந்நோய் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆணென்றும் பெண்ணென்றும் பாகுபாடில்லை. ஆனால் நோயாளரில் பாதிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இருந்திருக்காது. கரு உண்டாகும்போதே அலகு புதிதாக மாறிவிடுகிறது. இதில் கிரகணமுமில்லை, செய்வினையுமில்லை, தாயின் குற்றமுமில்லை. தொற்றும் நோயுமல்ல. மற்றப் பிள்ளைகளோடு விளையாடலாம், பள்ளிக்கூடம் போகலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கிளினிக் போகும் நாளில் புள்ளிகளைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2. நோய் உறுதியானால் சின்ன வயதில் வருடத்துக்கு ஒரு தடவையாவது கண் டொக்டரிடம் காட்டுங்கள். பிரஷரும் பார்க்க வேண்டும், பெரியவர்களானாலும் விடக்கூடாது.

3. கண் மாறுகண்ணாதல், ஒரு கண் முன்னுக்குத் தள்ளுதல், சாமான்களில் மோதுதல், காலையில் தலையிடியோடு வாந்தி, நடை தள்ளாடுதல், எட்டு வயதுக்கு முன்னரே வயசுக்கு வரும் அடையாளம் ஆகியவற்றைக் கண்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காதீர்கள்.

4. புள்ளிக்கும் கட்டிக்கும் சுண்ணாம்பு வைப்பதோ நூல் கட்டுவதோ வேண்டாம்.

அரைநாள் பேர் போய்விடும் என்று பல தாய்மார் யோசிக்கிறார்கள். அரச ஆஸ்பத்திரியில் இந்தப் பரிசோதனைக்குக் காசில்லை. பிள்ளையின் கண்ணுக்காக அந்த அரைநாளைக் கொடுங்கள்.