பாப்பா நிஜமாவே சின்னதா... நாள் கணக்கு தப்பா?

“டாக்டர், எட்டாவது மாசம் நடக்குது. ஸ்கேன்ல குழந்தை வெயிட் கம்மின்னு எழுதிட்டாங்க. ‘நீ ஒழுங்கா சாப்பிடலை’ன்னு மாமியார் திட்டறாங்க. நான்தான் காரணமா?”

இப்படிக் கண்கலங்கும் கர்ப்பிணிகள் பலர். அம்மா, முதலில் தைரியமாக இருங்கள். சாப்பாட்டைக் குறை சொல்லும் முன் நாள் கணக்கைப் பார்ப்போம்.

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையைத் தராசில் வைக்க முடியாது. தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை ஸ்கேனில் அளந்துதான் எடையைக் கணக்கிடுகிறார்கள். இதில் 10, 15 சதவிகிதம் முன்னே பின்னே இருக்கலாம்.

அதே வாரத்துக் குழந்தைகள் நூறு பேரை எடைப்படி நிறுத்தினால், கடைசிப் பத்துக்குள் வருவது ‘சின்னக் குழந்தை’. ஆனால் வாரமே தப்பாக இருந்தால்? 30 வாரக் குழந்தையை 33 வாரம் என்று நினைத்தால், நன்றாக வளரும் பிள்ளையும் நோஞ்சானாகத்தான் தெரியும். கணக்கு மாறிப் போனால், நிஜமான குறை கண்ணில் படாமலும் போகலாம்.

கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

செயற்கை நுண்ணறிவு உதவுவது இங்கேதான். ஏராளமான ஸ்கேன் படங்களைக் காட்டிப் பழக்கிய கம்ப்யூட்டர், தலையையும் வயிற்றையும் தானே அடையாளம் கண்டு அளக்கிறது. ஆளுக்கு ஆள் அளவு மாறுவது குறைகிறது.

நாள் கணக்குக்கும் வழி வந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரிதாபாத் டி.ஹெச்.எஸ்.டி.ஐ. ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ‘கர்ப்பிணி-ஜிஏ2’ பற்றி 2024-ல் அறிவித்தார்கள். மேல்நாட்டுக் குழந்தைகளின் அளவை வைத்துப் போட்ட ஃபார்முலாவுக்குப் பதில், குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த நம் நாட்டுக் கர்ப்பிணிகளின் ஸ்கேன் விவரங்களைக் கொண்டு உருவானது இது.

ஆனால் படம் சரியாக விழாவிட்டால் கம்ப்யூட்டரும் தப்பாகத்தான் சொல்லும். முடிவு டாக்டர் கையில்தான்.

வளர்ச்சி நிஜமாகவே குறைந்தால்?

பெரும்பாலும் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போதிய ரத்தம் போகாததே காரணம். ரத்தக் கொதிப்பு, ரத்த சோகை, தொற்று ஆகியவையும் காரணமாகலாம். டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தைப் பார்த்து, எப்போது பிரசவம் என்று டாக்டர் முடிவு செய்வார்.

நீங்கள் செய்ய வேண்டியது

* கடைசி மாதவிலக்குத் தேதியைக் குறித்து வையுங்கள்.
* மூன்று மாதத்துக்குள் முதல் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். நாள் கணக்குக்கு அதுவே நம்பகமானது. அந்த ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள்!
* ஒரே ஒரு ஸ்கேனைப் பார்த்துக் கலங்க வேண்டாம். இரண்டு வாரமாவது இடைவெளி விட்டு எடுக்கும் அடுத்த ஸ்கேன்தான் வளர்ச்சியைக் காட்டும். டாக்டர் சொன்ன தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.
* குழந்தையின் அசைவு குறைந்தால் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மாமியார்களே, மருமகளைத் திட்டும் முன் அந்த முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக் கொடுங்கள். பேரப்பிள்ளைக்கு அதுதான் உதவும்!