காவற் கம்பி

வயலுக்கு நீர் கொணரும் வாய்க்கால் நாடோறும் பயன் தருகிறது. ஏரியின் கலிங்கோ ஆண்டின் பெரும்பகுதியும் வாளா கிடக்கிறது. ஆயினும், பெருமழை பெய்து ஏரி நிரம்பும் நாளில் கரையைக் காப்பது கலிங்கே அன்றோ? மின்சாரத்தால் இயங்கும் பொறிகளிலும் இத்தகைய காவல் ஒன்று உண்டு. அதுவே நிலத்தொடர்புக் கம்பி. தொழிலாளர் அதனை 'எர்த்' என்பர்.

ஒரு நூலாலையை எண்ணிப் பாருங்கள். அங்கே மோட்டார்களின் வேகத்தை ஏற்றவும் இறக்கவும் 'டிரைவ்' எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உள்ளன. மோட்டாரினுள் இருக்கும் செப்புக் கம்பிகளைக் காப்புப் பூச்சு மூடியிருக்கிறது. வெப்பத்தாலும் அதிர்வாலும் அப்பூச்சு சிதையுமாயின், மின்சாரம் மோட்டாரின் இரும்புக் கூட்டில் ஏறி நிற்கும். காவற் கம்பி இல்லாத மோட்டார் அப்பொழுதும் முன்போலவே ஓடும்; தீங்கு கண்ணுக்குப் புலப்படாது.

அக்கூட்டைத் தொடுபவரின் உடலே மின்சாரம் நிலத்தை அடையும் வழியாகிவிடும். மனித உடலின் தடை 1000 ஓம் எனக் கொள்வோம். ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-இல் வெளியிட்ட விதிப்படி, 230 வோல்ட் அழுத்தம் அவ்வுடலில் 230 மில்லி ஆம்பியரைச் செலுத்தும். 30 மில்லி ஆம்பியருக்கு மிகுந்த மின்னோட்டம் சிறிது நேரம் நீடிப்பினும் உயிருக்கு இடராகும். பியூஸ் எனப்படும் உருகியை அறுக்கவோ 230 மில்லி ஆம்பியர் போதாது. ஆகவே, உயிர் போகும், உருகி போகாது!

காவற் கம்பி இருப்பின் நிகழ்வது வேறு. கசிந்த மின்சாரம் அதன்வழியே தான் புறப்பட்ட மின்மாற்றிக்குத் திரும்பும். அவ்வழியின் தடை 1 ஓம் எனின், 230 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் உருகி உடனே அறுந்துவிடும். மண்ணில் ஒரு குழாயைப் புதைத்தால் மட்டும் போதும் என எண்ணற்க. மண்வழியின் தடை 20 ஓம் எனின், 11.5 ஆம்பியரே பாயும், அவ்வுருகி அறாது. ஆதலின், மின்மாற்றி வரை தொடரும் உலோக வழி வேண்டும். அஃதில்லாவிடத்து, கசிவை அறிந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியேனும் வேண்டும்.

டிரைவ் பெட்டிகள் நன்கு இயங்கும்பொழுதும் காவற் கம்பியில் சிறிது மின்சாரம் கசியும். அது 3.5 மில்லி ஆம்பியருக்கு மிகுமாயின், 10 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள செப்புக் கம்பியோ, இரண்டாவது காவற் கம்பியோ இடுதல் நன்னெறி. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் தனிக் கம்பி பொதுச் செப்புப் பட்டைக்குச் செல்லவேண்டும். ஒன்றோடொன்றாகக் கோத்தால், இடையில் ஒன்றைக் கழற்றும்பொழுது அதற்கு அப்பாலுள்ளவை யாவும் காவலிழக்கும். கம்பி பொருந்துமிடத்தில் வண்ணப்பூச்சையும் சுரண்டுதல் வேண்டும். பூச்சு மின்சாரத்தைத் தடுக்கும்.

என் மாணாக்கர் ஒருவர் ஆலை ஒன்றில் மின்பணி செய்பவர். அவர் கூறியது இது: "ஐயா, பழுது பார்த்த ஒருவர் இக்கம்பியைத் திரும்பப் பூட்ட மறந்தார். பொறி குறைவின்றி ஓடியது, ஒருவரும் ஐயுறவில்லை. சில திங்கள் கழித்து அக்கூட்டைத் தொட்ட இளைஞர் தூக்கி எறியப்பட்டார். உயிர் பிழைத்தது அரிது."

மாணவர்களே! உங்கள் வீட்டு மூன்று முனைப் பிளக்கை உற்று நோக்குங்கள். பருத்து நீண்ட முனையே காவல் முனை. அது முதலிற் சேர்ந்து இறுதியிற் பிரியும். அதனை ஒடித்தெறிந்தாலும் விளக்கு எரியும், விசிறி சுழலும். அதனால் அது வேண்டாததென்று கருதிவிடாதீர்கள்.