உரிமம் பெற்ற துப்பாக்கியும் ஓர் உழவர் குடும்பமும்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

துப்பாக்கி என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது திரைப்படம், அடுத்து, காவல்துறை. துருக்கியர் மொழியிலிருந்து நம் நாட்டுக்கு வந்து தமிழாகிவிட்ட சொல் அது. அடி அண்ணாமலையில் வளர்ந்த எனக்கோ அச்சொல்லைக் கேட்டால், செங்கம் பக்கத்தில் காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரும், அங்கே ஒரு மல்லாட்டைக் கொல்லையும், என் தாயைப் பெற்ற தாத்தாவுமே நினைவுக்கு வருவார்கள். அவர் வீட்டுச் சுவரில் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று தொங்கும். அது கள்ளத் துப்பாக்கி அன்று. முறையாக உரிமம் பெற்றது. அந்த உரிமப் புத்தகத்தை நிலப் பட்டாவோடும் ரேஷன் கார்டோடும் சேர்த்துத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்.

சட்டத்தை மீறித் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வைத்திருப்பவர்களின் மனக்குறை என்ன என்று யாரும் கேட்பதில்லை. அதனைக் கேட்டு, நியாயமானது எது, அல்லாதது எது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் வந்த வழி

ஆயுதத்தைப் பறிப்பது ஆட்சியை நிலைநிறுத்தும் வழி என்பதை ஆங்கிலேயர் நன்கு உணர்ந்திருந்தனர். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில், சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவ், தென்னாட்டு மக்கள் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்று பிரகடனம் செய்தார். பின்னர் 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் நாடு முழுமைக்குமான ஆயுதச் சட்டம் வந்தது. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது என்பது கருதத்தக்கது. இந்தியனுக்கு உரிமம் தேவை, ஐரோப்பியனுக்குத் தேவையில்லை என்ற வேற்றுமையே அந்த ஆயுதச் சட்டத்தின் மீது நம் தலைவர்கள் கொண்ட சினத்துக்குக் காரணம்.

1931-இல் கராச்சியில் வல்லபாய் பட்டேல் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதே கருத்தைத் திருத்தமாகக் கொண்டுவந்தபோது சபை ஏற்கவில்லை. ஆகவே இன்று நம் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைத்தான் தருகிறது.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே 1791-ஆம் ஆண்டின் இரண்டாவது திருத்தமே ஆயுதம் வைத்திருப்பதை உரிமை ஆக்கிவிட்டது. நியூயார்க் போன்ற மாநிலங்கள் கடுமையான சட்டம் போட்டால், துப்பாக்கி வைத்திருப்போர் வழக்குத் தொடுப்பார்கள். பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022-இல் செல்லாததாக்கியது. நம் உச்ச நீதிமன்றமோ 2023-இல் ஒரு வழக்கில், அமெரிக்காவைப் போல் இங்கே ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அன்று என்பதை நினைவூட்டியது. சுருங்கச் சொன்னால், அங்கே அது உரிமை. இங்கே அது அனுமதி.

சட்டம் சொல்வது என்ன?

இப்போது நடப்பில் உள்ளது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் ஆகும். உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்ந்தது.

இச்சட்டத்தில் உழவனுக்கென்றே ஓர் இடம் உண்டு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்றைக் கேட்பவருக்கு, வேறு தடை இல்லாதபோது உரிமம் வழங்க வேண்டும் என்று 13-ஆவது பிரிவு கூறுகிறது. இத்தகைய துப்பாக்கி ஒரு முறை வெடித்தால், அடுத்த வேட்டுக்கு மருந்து கெட்டிப்பதை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கலகக்காரனுக்கு அது பயன்படாது; கொல்லைக் காவலுக்குப் போதும். இதை உணர்ந்தே சட்டம் செய்தவர்கள் இந்த வழியைத் திறந்து வைத்தார்கள் எனலாம்.

உரிமதாரரின் மனக்குறைகள்

முதற்குறை தேர்தல். தேர்தல் அறிவிப்பு வெளிவந்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது நம் மாவட்டங்களில் வழக்கம். தேர்தல் ஆணையத்தின் நெறிமுறைகள் எல்லோரிடமும் பறிக்கச் சொல்லவில்லை. ஒரு குழு அமைத்து, குற்றப் பின்னணி உள்ளவர், ஜாமீனில் உள்ளவர், முன்பு கலகத்தில் ஈடுபட்டவர் போன்றோரை ஆராய்ந்து முடிவு செய்யவே சொல்கின்றன. நடைமுறையில் எல்லோரும்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் மார்ச் 16-இல் அறிவிக்கப்பட்டது. நம் மாநிலத்தில் ஏப்ரல் 19-இல் வாக்குப்பதிவு. எண்ணிக்கை ஜூன் 4-இல். ஆக 80 நாட்கள். மார்கழியில் விதைத்த இறவை மல்லாட்டை பிடுங்கும் பருவம் சரியாக இந்த 80 நாட்களுக்குள் வருகிறது. காய் முற்றும் வாசனை தெரிந்ததும் காட்டுப்பன்றி வரும். ஓர் இரவில் கூட்டமாக வந்து கிளறினால் காலையில் கொல்லை உழுத நிலம்போல் கிடக்கும். அவ்வாண்டு தாத்தா தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு.

இரண்டாவது குறை, இரு சட்டங்களின் முரண். பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்துக்கொள் என்கிறது ஆயுதச் சட்டம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமோ, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ அனுமதிக்காமல் காட்டுப்பன்றியைக் கொல்லலாகாது என்கிறது. தாத்தா தம் வாழ்நாளில் பன்றி மீது குண்டு போட்டதில்லை. வெறும் மருந்தைக் கெட்டித்து வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு, அவ்வளவுதான். அந்த ஓசைக்காகத்தான் இத்தனை உரிமமும் புதுப்பித்தலும்!

அண்டை மாநிலமான கேரளம், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்போர் அப்பணிக்கு அழைக்கப்படுகிறார்கள். நம் மாநில அரசு 2025 ஜனவரியில் வேறு முறையை வகுத்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். தாத்தாவின் கொல்லை முதல் கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

மூன்றாவது, ஒப்பீட்டால் வரும் குறை. கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் குடகர்களுக்கும், ஜம்மா என்னும் பரம்பரை நில உரிமை உடையோருக்கும் உரிமம் பெறுவதிலிருந்தே விலக்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய இச்சலுகையை மத்திய அரசு 2029 வரை நீட்டித்துள்ளது. கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021-இல் அதனைச் செல்லும் என்றது. ‘அவர்களுக்கு நம்பிக்கை, நமக்குச் சந்தேகமா?’ என்று நம் பக்கத்து உழவர் கேட்பது இயல்பே. ஆயினும் இக்குறையை நான் பெரிதாகக் கருதவில்லை. ஒரு சமூகத்தின் பழைய வழக்கத்துக்குத் தந்த விலக்கை எல்லோருக்கும் விரித்தால், பிறகு சட்டம் எதற்கு?

நாணயத்தின் மறுபக்கம்

சட்டம் கடுமையாக இருப்பதே தவறு என்று வாதிடுவோரோடு நான் சேரமாட்டேன். மலைப்பகுதிகளில் கள்ளத் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போய், இருட்டில் விலங்கென்று எண்ணி உடன் வந்தவரையே சுட்டுவிட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். குடிபோதையும் பங்காளிச் சண்டையும் உள்ள ஊரில் சுவருக்குச் சுவர் துப்பாக்கி தொங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதே வேளையில், நேர்வழி அடைபட்டால் மனிதன் குறுக்கு வழி தேடுகிறான். சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். சிலர் கள்ளத்தனமாக மின்வேலி போடுகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பயிரைக் காக்க இட்ட சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன; தாயை இழந்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றன. உரிமத்தோடு வானத்தை நோக்கி வெடிக்கும் ஒரு வேட்டு, இவற்றையெல்லாம்விடத் தீங்கு குறைந்தது அன்றோ?

ஒரு கடிதம்

2024 ஐப்பசி மழையில் தாத்தா காலமானார். உரிமதாரர் இறந்தால் வாரிசுகள் காலம் தாழ்த்தாமல் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். காரியம் முடிந்த மறுநாளே என் மாமா அதனைக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினார். வாரிசு என்ற முறையில் தம் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பமும் கொடுத்தார். விதிகளில் அதற்கு இடமுண்டு.

அதன்பின் எட்டு மாதம் ஓர் அலுவலகத்துக்கு நடந்தார். ‘அதெல்லாம் இப்ப குடுக்கறதில்ல’ என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த விடை. என் மாமா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். ‘பாப்பா, நீ காலேஜுல படிக்கிறியே, அந்தச் சட்டத்துல இன்னாதான் எழுதியிருக்குதுன்னு பாத்துச் சொல்லு’ என்றார். வேதியியல் மாணவிக்குச் சட்டம் எப்படித் தெரியும்? நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

14-ஆவது பிரிவின் கடைசியில் ஒரு வாசகம் இருந்தது. உரிமம் மறுக்கும் அதிகாரி அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். கேட்டால் அதன் சுருக்கத்தைத் தர வேண்டும். பொதுநலனுக்கு ஊறு என்று கருதினால் மட்டுமே தராமலிருக்கலாம். 18-ஆவது பிரிவில் மேல்முறையீட்டுக்கும் வழி இருந்தது. ‘எட்டு மாதமாக வாயால் சொன்னதை எழுத்தில் தாருங்கள்’ என்று ஒரு பக்கத்தில் மனு எழுதினேன். மாமா கையெழுத்திட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினார்.

ஐந்து வாரத்தில் பதில் வந்தது, மறுப்புத்தான். ஆனால் காரணம் எழுதப்பட்டிருந்தது: பயிர்ப் பாதுகாப்புக்கெனக் காட்டிய நிலம் விண்ணப்பதாரர் பெயரில் இல்லை. உண்மைதான், பட்டா இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. காரணத்தை ஒருவர் முதல் நாளே சொல்லியிருந்தால், வாரிசுச் சான்று பெற்றுப் பட்டா மாற்றியிருக்கலாம். எட்டு மாதப் பேருந்துக் கட்டணமும், கூலி இழந்த நாட்களும், ஒரு பருவத்து மல்லாட்டையும் மிஞ்சியிருக்கும்.

கடிதத்தை இரண்டு முறை படித்துக் காட்டினேன். மாமாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: ‘இதான் விசயமா? காரணம் தெரிஞ்சா மனசு ஆறிடும் பாப்பா. தெரியாமதான் இவ்ளோ நாளு வெந்துனு இருந்தேன்.’

இப்போது பட்டா மாறிவிட்டது. புதிய விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். உரிமம் கிடைக்குமா என்பது தெரியாது. துப்பாக்கி காவல் நிலையத்தில் இருக்கிறது. மாமா தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

முடிவுரை

உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போரின் குறைகளை ஆராய்ந்ததில் எனக்குத் தோன்றிய முடிவு ஒன்றே. ‘முடியாது’ என்பதை மனிதன் தாங்கிக்கொள்வான். ‘ஏன்’ என்று சொல்லாததைத்தான் தாங்க முடிவதில்லை. சட்டம் கடுமையாக இருக்கட்டும். உயிர்களைக் காக்க அது தேவை. தேர்தல் காலத்தில் ஆளறிந்து பறிக்கட்டும். இரு சட்டங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளட்டும். மறுப்பைக் காரணத்தோடு எழுதித் தரட்டும். இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் புதிதாகக் கேட்பவை அல்ல. ஏட்டில் ஏற்கெனவே உள்ளவை.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். பெட்டிக்குள் கிடக்கும் பட்டாவும், உரிமமும், நோட்டீசும் நாம் படித்துச் சொல்லக் காத்திருக்கின்றன. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அந்தத் தகரப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.