கடிதத்திற்கு முன் ஒரு துண்டுச் சீட்டு

சரக்கு எடுக்க மண்டிக்குப் போகும்முன் என்னென்ன வேண்டும், எத்தனை மூட்டை வேண்டும் என்று லிஸ்ட் போடாமல் நம்மில் யாரும் புறப்படுவதில்லை. ஆனால் லாரி ஆபீசுக்கோ, வங்கிக்கோ, வரி அலுவலகத்திற்கோ கடிதம் எழுத நேர்ந்தால் மட்டும் லெட்டர் பேடை எடுத்து நேரே முதல் வரியை எழுதத் தொடங்கிவிடுகிறோம். எழுத எழுதக் கோபம் ஏறுகிறது; கேட்க வந்தது விட்டுப் போகிறது. அப்படி எழுதி நாம் ரூ.36,000 இழந்தோம். அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

2022 ஆகஸ்டில் குல்பர்காவிலிருந்து துவரம் பருப்பு 100 மூட்டை வரவழைத்தோம். (ஊரின் பெயர் கலபுரகி என்று மாறி வருஷங்களாகின்றன, மண்டிப் பேச்சில் இன்னும் குல்பர்காதான்.) 50 கிலோ மூட்டை, கிலோ 100 ரூபாய். இறக்கிப் பார்த்தால் 6 மூட்டை குறைவு. 4 மூட்டை மழையில் நனைந்திருந்தது. காய வைத்து கிலோ 70-க்குத் தள்ளினோம். ஆக, குறைவில் 30,000, நனைந்ததில் 6,000.

அன்றிரவே லாரி ஆபீசுக்கு இரண்டு பக்கம் எழுதினோம். இருபது வருஷப் பழக்கம், போன தீபாவளிக்குத் தாமதமாக வந்த லோடு, டிரைவர் பேசிய பேச்சு எல்லாம் அதில் இருந்தன. லாரி ரசீது எண் இல்லை. புக்கிங் தேதி இல்லை. "நிறைய மூட்டை குறைகிறது" என்று எழுதினோமே தவிர 6 என்று எழுதவில்லை. எவ்வளவு பணம் வேண்டும் என்றும் கேட்கவில்லை. "வருந்துகிறோம், விசாரிக்கிறோம்" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த மாதம் அதே ஆபீஸ் மூலம் நமக்கு இரண்டு லோடு வந்திருந்தது. எந்த லோடு என்று ஜனவரியில் நம்மையே திருப்பிக் கேட்டார்கள். பொங்கல் வியாபாரத்தில் அதையும் கவனிக்கவில்லை. பிப்ரவரி நடுவில் வக்கீலிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அய்யா, புக்கிங் தேதி என்ன?" 8.8.2022. விரல்விட்டு எண்ணினார். கெடு 4.2.2023-உடன் முடிந்திருந்தது.

சட்டம் இதுதான். 2007-ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 1.3.2011 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 16-ஆம் பிரிவுப்படி, சரக்கு குறைந்தாலோ சேதமானாலோ, புக்கிங் செய்த தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் லாரிக்காரருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் வழக்குப் போட முடியும். சரக்கு வந்து சேர்ந்த தேதி அல்ல; புக்கிங் தேதி. 1865-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தில் நஷ்டம் தெரிய வந்த நாளிலிருந்து ஆறு மாதம் இருந்தது. நம் வயதுக்காரர்கள் பலர் இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறோம். "உங்கள் கடிதத்தை நோட்டீஸ் என்று சொல்லலாம்தான், ஆனால் எந்தச் சரக்குக்கு என்றே அதில் இல்லையே" என்றார் வக்கீல்.

அதன்பின் நம் கடையில் ஒரு வழக்கம் வைத்தோம். கடிதம் எழுதுமுன் ஒரு துண்டுச் சீட்டு. அதில் முதலில் எழுதுவது கடைசி வரியை: நமக்கு என்ன வேண்டும், எத்தனை ரூபாய், எந்தத் தேதிக்குள். இது நிச்சயமாகாமல் பேனாவைத் தொடுவதில்லை. பிறகு பில், லாரி ரசீது, எடைச்சீட்டு, டெலிவரி எடுத்தபோது குறைவை எழுதிக் கையெழுத்து வாங்கிய நகல் ஆகியவற்றை மேசையில் பரப்பி, எண்ணையும் தேதியையும் சீட்டில் குறித்துக்கொள்கிறோம். கையில் காகிதம் இல்லாத எந்தப் புகாரும் கடிதத்தில் ஏறாது. டிரைவர் பேச்சு இங்கேதான் அடிபட்டுப் போகும். பழைய தீபாவளி லோடும் அப்படியே. ஒரு கடிதத்திற்கு ஒரு விஷயம். கெடு ஏதும் உண்டா என்று ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ கேட்டு அதையும் சீட்டின் தலையில் எழுதிவிடுகிறோம்.

அன்று இப்படிச் சீட்டு எழுதியிருந்தால் கடிதம் இவ்வளவுதான் இருந்திருக்கும்:

"பொருள்: 8.8.2022 தேதியிட்ட லாரி ரசீது – சரக்குக் குறைவு, சேதம். மேற்படி ரசீதில் (ரசீது எண்) புக் செய்த 100 மூட்டை துவரம் பருப்பில் 94 மட்டுமே வந்தன. அவற்றில் 4 நனைந்திருந்தன. தங்கள் ஊழியர் கையெழுத்திட்ட டெலிவரி நகலும் பில் நகலும் இணைத்துள்ளோம். நஷ்டம் ரூ.36,000. இதை 15 நாட்களுக்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்."

செக் திரும்பினாலும் இதே முறைதான். அங்கே கெடு இன்னும் குறுகியது. திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் செக் தொகையைக் கேட்டு நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்ததிலிருந்து கொடுத்தவருக்கு 15 நாள் அவகாசம். அந்த நோட்டீஸை வக்கீலே எழுதட்டும். ஆனால் சீட்டை நாம் கொண்டுபோனால் ஒருநாள் வேலை ஒருமணியில் முடியும். ஜி.எஸ்.டி. நோட்டீஸுக்கு, அதிலுள்ள கேள்விகளையே வரிசையாகச் சீட்டில் இறக்கி, எதிரே எந்தப் பில், எந்த ரிட்டர்ன் என்று குறித்து ஆடிட்டரிடம் கொடுக்கிறோம். கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிப் புதுக் கேள்வியைக் கிளப்புகிறவர்களும் நம் தெருவில் உண்டு.

2024-இல் ஓர் உளுந்து லோடில் 2 மூட்டை குறைந்தது. மறுநாளே அரைப் பக்கத்தில் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பினோம். லாரி ஆபீசில் அடுத்த வாடகை பில்லில் கழித்துக் கொண்டார்கள். கடித நகலோடு அந்தத் துண்டுச் சீட்டையும் குத்தி ஃபைலில் வைத்திருக்கிறோம். இப்போது கடைப் பையன்கள் அதைப் பார்த்தே எழுதிவிடுகிறார்கள்.