பேயிடம் ஊர் பேர் கேட்பவர்கள்

பண்ணைப்புரத்துத் தம்பிக்கு,

கொரியப் பேய்ப் படம் பார்த்தால் விடிய விடியத் தூக்கம் வருவதில்லை, நம்மூர்ப் பேய்ப் படமோ இடைவேளைக்குப் பிறகு அழவைத்து அனுப்பிவிடுகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நம்மவர்களுக்குச் சாமர்த்தியம் போதாது என்பது உங்கள் கட்சி. நான் பேயோட்டும் கோடாங்கியைத்தான் கைகாட்டுவேன்.

உங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். கோடாங்கி உடுக்கையை அடித்துக்கொண்டே பேயிடம் முதலில் கேட்பது, 'நீ யாரு?' அப்புறம் எந்த ஊர், எப்படிச் செத்தாய், எங்கே வைத்து இவளைப் பிடித்தாய், என்ன வேண்டும். பிடிபட்டவளின் வாய் வழியே பேய் தன் கதையைச் சொல்லும். தூக்குப் போட்டுக்கொண்டவள், கிணற்றில் விழுந்தவள், கல்யாண ஆசை தீராமல் போனவன். எல்லோரும் ஆயுசு முடியுமுன் போய்ச் சேர்ந்தவர்கள். கேட்டதைத் தருவதாக வாக்குக் கொடுத்து, உச்சிமயிரில் ஒரு கொத்தைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்துவிட்டால் பேய் இறங்கிவிட்டது. உயிரோடு இருந்தபோது அவளை உட்காரவைத்து இப்படி ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நம் சினிமாவின் ஃப்ளாஷ்பேக் இந்த உடுக்கைச் சத்தத்தில் பிறந்தது என்பேன். 'காஞ்சனா'வை (2011) எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தையும் உயிரையும் பறிகொடுத்த திருநங்கையின் கதை தெரிந்த நிமிடமே நாம் பேயின் கட்சிக்கு மாறிவிடுகிறோம். 'பிசாசு' (2014) இன்னும் ஒரு படி மேலே போய்ப் பேயைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்க்கவைக்கிறது. உங்கள் பள்ளத்தாக்குக்கு இது புதிதும் இல்லை. கூடலூருக்கு மேலே மலையுச்சியில், ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று கூட்டம் ஏறிப்போய்க் கும்பிடுவது யாரை? அநியாயத்துக்குப் புருஷனைப் பறிகொடுத்து, ஒரு நகரத்தையே எரித்துவிட்டு வந்தவளை. வேறு தேசமாக இருந்தால் கண்ணகி ஒரு பயங்கரக் கதையின் நாயகியாக நின்றிருப்பாள். நாம் கோயில் கட்டினோம்.

மேலை நாட்டிலும் பேசும் பேய் உண்டு. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818) நாவலில் அந்தப் பிறவி தன்னைப் படைத்தவனிடமே நெடுநேரம் முறையிடுகிறது. அதைப் 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் புதுமைப்பித்தன். ஆனால் முர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு' (1922) மௌனப் படத்தில் வரும் பிரபுவுக்கு எந்தக் குறையும் இல்லை, ரத்தம் வேண்டும், அவ்வளவுதான். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் (1960) கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து காரணம் அடுக்குவார். படத்தில் எனக்கு அலுப்புத் தட்டும் ஒரே இடம் அது.

அல்லிநகரத்து பாரதிராஜாவும் உங்கள் ஊர் இளையராஜாவும் கிராமத்துப் படங்களால் பேர் வாங்கிய சூட்டோடு எடுத்தது 'சிகப்பு ரோஜாக்கள்' (1978). இரண்டு வருஷம் கழித்து பாலு மகேந்திராவின் 'மூடுபனி', இளையராஜாவின் நூறாவது படம். இரண்டிலும் கொலைகாரனுக்கு ஒரு பால்ய காலக் காயம் கொடுத்துவிட்டார்கள். அங்கேயும் கோடாங்கி நுழைந்துவிட்டார்! ஆனாலும் 'மூடுபனி'யின் அந்த கிதார் பாட்டை நினைத்துப் பாருங்கள். ஊரே காதல் பாட்டாக முணுமுணுக்கிறது. படத்தில் பாடுகிறவன் கொலைகாரன், எதிரே உட்கார்ந்து கேட்பவள் அவன் கடத்திவந்த பெண். மெட்டு இதில் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. இனிமையாக இருக்கிறது, அதுதான் குலை நடுங்கவைக்கிறது. ஹிட்ச்காக்குக்கு பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்களை வைத்துக் கத்தி வீசினார். நம்மவர் தாலாட்டியே பயமுறுத்திவிட்டார்.

காரணம் சொல்லாத பேய் தமிழில் வேண்டுமென்றால் 'காஞ்சனை'யிடம்தான் போக வேண்டும். புதுமைப்பித்தன் 1943இல் எழுதியது. வீட்டு வாசலில் ஒருத்தி பிச்சைக்கு வந்து நிற்கிறாள், மனைவி அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள், கணவன் பயப்படுகிறான். பெயர் கிடைக்கிறது, வழக்கு மட்டும் கிடைப்பதில்லை. அவள் யார், எதற்கு வந்தாள் என்ற முடிச்சை ஆசிரியர் அவிழ்க்காமலே எழுந்து போய்விடுகிறார். பேய்க்கதையில் துணிச்சல் என்றால் எனக்கு இதுதான்.

காட்டாமல் விடுவதன் வலிமை உங்கள் மாவட்டத்துக்குத் தெரியாததும் அல்ல. தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் பூசை நடப்பது அடைத்த கதவுக்கு. உள்ளே என்ன என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. நம் இயக்குநர் எவராவது ஒருவர் அந்தக் கதவைத் திறக்காமலே இரண்டு மணி நேரம் படம் எடுத்தால் முதல் டிக்கெட் நான் வாங்குவேன்.

'காஞ்சனை'யை முதலில் படியுங்கள், அதே ஆசிரியரின் 'செவ்வாய் தோஷம்' பிறகு. 'மூடுபனி'யைக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாருங்கள். கோம்பை, தேவாரம் பக்கம் இன்னமும் உடுக்கை எடுக்கும் கோடாங்கி யாராவது இருந்தால், அவர் கேட்கும் கேள்விகளை வரிசை மாறாமல் எழுதி அனுப்புங்கள். எனக்கு அது வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்